கருப்பட்டியின் பால்

கருப்பட்டி சினையாக இருக்கிறாள் என்கிற சேதி வண்டிமறிச்சி அம்மன் தெருவுக்கு அவள் வயிற்றைப் பார்த்துத் தெரியவில்லை, பத்திரக்காரர் பூதலிங்கத்தின் வாந்தியைப் பார்த்துத்தான் தெரிந்தது. சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே வேப்பமரத்தடியில் மேசை போட்டு, இருபத்தெட்டு வருஷமாக ஊருக்கே கிரயப் பத்திரமும் பாகப்பிரிவினையும் எழுதிக் கொடுக்கிற மனுஷன், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் ஒரு துளி மை பட்டால் அன்றைக்கு முழுக்க யாரோடும் முகம் கொடுத்துப் பேசாத மனுஷன், அந்தப் பங்குனி மாதக் காலையில் பக்கத்து டீக்கடையில் வடைக்கு எண்ணெய் காய்கிற வாசம் மூக்கில் ஏறினதுதான் தாமதம், எழுதிக்கொண்டிருந்த பத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு மதிலோரம் ஓடிக் குனிந்து ஓங்கரித்தார், மறுநாளும் ஓங்கரித்தார், அதற்கு மறுநாளும் ஓங்கரித்தார், நாலாம் நாள் கட்சிக்காரர் ஒருத்தர் பையில் வைத்திருந்த மாங்காயைக் கேட்டு வாங்கி உப்புகூடத் தொடாமல் கொட்டை வரைக்கும் தின்றார். பித்தம் என்றார்கள். சுக்கு வென்னீர் குடிக்கச் சொன்னார்கள்.

பித்தமாவது ஒன்றாவது! ஏழாம் நாள், ஒரு வீட்டுக் கிரயத்தை எழுதி முடித்து, வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவில் நின்று கணீரென்று வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். "புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ளவும்" என்கிற இடத்துக்கு வந்தபோது, நெஞ்சுக்குள் என்னமோ சுரீர் என்று இழுத்தது. எதிரே நின்ற இரண்டு பேரும் அவர் முகத்தை விட்டுவிட்டுச் சட்டையைப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு நனைந்திருந்தது. பூதலிங்கம் துண்டை எடுத்துக் குறுக்கே போட்டுக்கொண்டு, மிச்சத்தை வாசிக்காமலே, வெயிலோடு வெயிலாக வீட்டுக்கு நடந்தார்.

வீட்டுக்கு எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், கருப்பட்டி படுத்திருந்தாள். கருப்பட்டி நிறத்துத் தெருநாய், அதனால் அந்தப் பேர். அஞ்சு மாதமாக அவளுக்கு அதுதான் இடம். குரைக்க மாட்டாள், கிட்டே வர மாட்டாள், பூதலிங்கம் வெளியே போனாலும் உள்ளே வந்தாலும் தலையைத் தூக்கிப் பார்ப்பாள், அவ்வளவுதான். அன்றைக்கும் பார்த்தாள். அவள் பார்த்த மாத்திரத்தில் துண்டும் நனைந்துபோனது.

எதிர்த்த வீட்டு மாரித்தங்கம் இட்லிக்கடைப் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தவள், அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"துண்டை எடுங்க அண்ணாச்சி."

"என்ன பேச்சு இது, நடுத்தெருவுல?"

"எட்டு ஆடு வளக்கேன், மூணு பிள்ள பெத்திருக்கேன். பால் வாடை எனக்குத் தெரியாதா? எடுங்கன்னா எடுங்க."

அவளே துண்டை உருவி முகர்ந்து பார்த்தாள். "மாட்டுப்பால் இல்ல. ஆட்டுப்பாலும் இல்ல, பிள்ளப்பாலும் இல்ல," என்றவள், திரும்பிக் கருப்பட்டியைப் பார்த்தாள். போய் உட்கார்ந்து அவள் அடிவயிற்றை நிதானமாகத் தடவினாள். பிறகு பூதலிங்கத்தின் மனைவியைக் கூப்பிட்டுத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டாள்: "ஏ செண்பகம் மைனி, வெளிய வாங்க! கருப்பட்டி சினையா இருக்கா. வயித்தை மட்டும் அவ சுமக்கா, மத்ததை எல்லாம் அண்ணாச்சி சுமக்காரு!"

கால்நடை மருந்தகத்திலிருந்து தேவசகாயம் பைக்கில் வந்தார். தெருவில் அவரை மாட்டு டாக்டர் என்பார்கள். கருப்பட்டியின் வயிற்றை இரண்டு கையாலும் மெதுவாக அமுக்கி, கண்ணை மூடிக்கொண்டு விரலால் எண்ணினார். "நாலு வாரம் ஆச்சு. நெல்லிக்காய் உருட்டினாப்புல தட்டுப்படுது. நாலு, இல்லன்னா அஞ்சு," என்றார். "சாதாரணமா காம்பு சிவந்து தடிக்கும், ரெண்டு நாள் சோத்தை மோந்து பாத்துட்டுப் போயிரும், சும்மா சும்மா படுக்கும், கடைசியில மடி இறங்கும். இவளுக்கு வயித்தைத் தவிர ஒண்ணையும் காணோம். சார், நீங்க சட்டையைக் கழத்துங்க." பூதலிங்கம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கழற்றினார். தேவசகாயம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. இடம்தான் மாறியிருக்கு." நாய்க்கு அறுபத்து மூணு நாள் கணக்கு, இன்னும் முப்பத்தஞ்சு நாள் இருக்கிறது என்று சொல்லி, இரண்டு பேருக்கும் ஒரே சீட்டில் சுண்ணாம்புச் சத்து மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு தெரு அதைத் தன் சோலிகளோடு சேர்த்துக்கொண்டது. ஆடிக்குக் காற்று வருகிற மாதிரி பூதலிங்கத்துக்குப் பால் வந்தது, வந்தால் வந்ததுதான், ஆகவேண்டியதைப் பார்க்க வேண்டாமா? தையல்காரர் நாலு பனியனுக்கு உள்ளே இரட்டைத் துணி கொடுத்துத் தைத்தார். மருந்துக்கடைக்காரர் முட்டைக்கோஸ் இலையை வைத்துக் கட்டினால் நெஞ்சுக் கடுப்பு தணியும் என்று தம் மனைவிக்குச் செய்ததைச் சொன்னார். டீக்கடைக்காரர் காலை பத்து மணிவரைக்கும் எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை என்று தானாகவே முடிவு செய்தார். பிள்ளையில்லாதவர்கள் வாங்கும் வீட்டுக்குப் பூதலிங்கம் கையால் பத்திரம் எழுதினால் தொட்டில் கட்டலாம் என்று பக்கத்து ஊர்களிலிருந்து ஆள் வர ஆரம்பித்தது. ஏன் வந்தது, எப்படி வந்தது என்று ஒருத்தரும் மண்டையை உடைக்கவில்லை. ஆனால், ஏன் இவருக்கு வந்தது என்பதற்கு மட்டும் தெருவே சேர்ந்து ஒரு பதில் வைத்திருந்தது. புண்ணியவானுக்கு அம்மன் கொடுத்தது என்பதுதான் அந்தப் பதில்.

அந்தப் பதில்தான் பூதலிங்கத்தைக் கொன்றது.

போன ஐப்பசியில் கருப்பட்டி ஒரு ஈத்துப் போட்டிருந்தாள். பூதலிங்கம் வீட்டுக் கொல்லையில் தகரக் கொட்டகை, அதற்குள் அவர் அப்பா காலத்துப் பத்திர நகல் கட்டுகள், அந்தக் கட்டுகளின் மேல் அஞ்சு குட்டி. பூதலிங்கத்தின் மனைவி செண்பகவல்லிக்குக் கல்யாணமாகி இருபத்து நாலு வருஷம், பிள்ளை கிடையாது. அவள் கொட்டகையே கதியென்று கிடந்தாள். ஒன்பது நாளைக்குள் அஞ்சுக்கும் பேர் வைத்துவிட்டாள். வெள்ளைக்கால், மூக்கன், சுழியன், செவலை, எல்லாவற்றிலும் சின்னது குட்டையன். "ஒண்ணே ஒண்ணை நாம வச்சுக்குவோமா?" என்று கேட்டாள். பூதலிங்கம் நகல் கட்டில் பட்டிருந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தாம் நாள் காலை, செண்பகவல்லி கோயிலுக்கும் கருப்பட்டி இட்லிக்கடைக்கும் போன நேரம் பார்த்து, அஞ்சையும் ஒரு அரிசிச் சாக்கில் போட்டு, வண்டியின் முன்னால் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, ஆற்றுப்பாலத்தைத் தாண்டி, மூடிக் கிடக்கிற செங்கல் சூளைப் பள்ளத்துக்குப் போனார். சாக்கைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினார். அதுக அங்கே கத்தின கத்தலைவிட, அதற்கடுத்துத் தாம் செய்ததுதான் பின்னால் அவருக்கு உறுத்தியது. சாக்கை இரண்டு உதறு உதறி, நாலாக மடித்து, வண்டிப் பெட்டிக்குள் வைத்துத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். நல்ல சாக்கு. ஒரு ஓட்டை கிடையாது. வரும் வழியில் மனசு கொஞ்சம் புரண்டபோது அவர் சொல்லிக்கொண்ட சமாதானம் இதுதான்: இன்னும் கண்ணே திறக்கலையே, யாரு செஞ்சான்னு அதுகளுக்குத் தெரியவா போகுது.

செண்பகவல்லி கோயிலிலிருந்து வந்து கேட்டாள். பத்திரக்காரர் வாய், பொய்க்குப் பஞ்சமா? கடையத்துப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு, தோப்புக்காரர் தம்முடைய பழைய கட்சிக்காரர், அங்கே ஒரு நாய் குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது, இந்த அஞ்சையும் அது சேர்த்துக்கொண்டது, கூடையில் பழைய வேட்டியை விரித்துப் பூப்போலக் கொண்டுபோய் விட்டேன் என்றார். தோப்புக்கு நாலெல்லையும் சொன்னார்: வடக்கே வாய்க்கால், தெற்கே ஐயனார் கோயில் பாதை, கிழக்கே எலுமிச்சைத் தோட்டம், மேற்கே மலை. எல்லை சொன்ன பிறகு யார்தான் சந்தேகப்படுவார்கள்? செண்பகவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மேக்கே மலையா? நல்ல காத்து வரும்," என்றாள்.

பாவி மனுஷன் அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் வாரத்துக்கு ஒரு தரம் கேட்பாள், அவர் வாரத்துக்கு ஒரு சேதி சொல்வார். வெள்ளைக்கால் தோப்பையே காவல் காக்குதாம். மூக்கன் பம்புசெட்டில் பாம்பைப் பார்த்துக் குரைத்து ஆளைக் காப்பாற்றியதாம். சுழியன் தோப்புக்காரர் மகளைப் பஸ் ஏற்றிவிடப் போகுதாம். செவலைக்கும் கோழிக்குஞ்சுகளுக்கும் அப்படி ஒரு சிநேகமாம். குட்டையனுக்குத் தயிர்சோறு இல்லாவிட்டால் இறங்காதாம். செண்பகவல்லி இதையெல்லாம் மாரித்தங்கத்திடம் சொல்வாள், மாரித்தங்கம் இட்லி தின்ன வருகிறவர்களிடம் சொல்வாள். ஒருநாள் போய்ப் பார்த்துட்டு வருவோம் என்று செண்பகவல்லி கிளம்பினால் மழை, வெயில், தோப்புக்காரர் ஊரில் இல்லை, இப்படி ஒன்றைச் சொல்லி அவளை உட்கார்த்தி வைப்பார். இப்படியாகத்தான் அவர் புண்ணியவான் ஆனது.

ஏழாவது வாரத்தில் தெருப் பெண்கள் வளைகாப்பு வைத்தார்கள். வேண்டாம் என்று பூதலிங்கம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், யார் கேட்டார்கள்? புளியோதரை, தேங்காய்ச் சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று அஞ்சு சோறு பொங்கி வந்தது. இருபத்து நாலு வருஷமாக ஊரார் வீட்டு வளைகாப்புகளில் பந்தலுக்கு வெளியே நின்று, யாராவது கையைப் பிடித்து இழுத்தால் ஒழிய வளையல் தட்டைத் தொடாமல் வந்த செண்பகவல்லி, அன்றைக்குத் தன் வீட்டு வாசலில் தானே மாக்கோலம் போட்டாள், கல்யாணப் பட்டை எடுத்துக் கட்டினாள், வந்தவர்களுக்கெல்லாம் தன் கையால் வளையல் போட்டாள். கருப்பட்டி வாசல்படி ஏறவில்லை. "சுமக்கவுகளுக்குத்தானே காப்பு," என்று பூதலிங்கத்தை நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு கன்னத்திலும் சந்தனத்தைப் பூசி, வேப்பங்கொத்தை வளைத்துக் காப்பாக மணிக்கட்டில் கட்டிவிட்டார்கள். சன்னலில் ஆண்கள் முண்டியடித்துச் சிரித்தார்கள். "அண்ணாச்சிக்கு முகத்துல களை வந்துட்டு பாத்தீயளா?" என்றார் தையல்காரர்.

கேலி அவருக்கு வலிக்கவில்லை. கேலியில் ஒளிந்துகொள்ளலாம். நடுவில் நின்று செண்பகவல்லி பேசியதுதான் தாங்கவில்லை. "நாங்க பெறலன்னு எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கோம். ஆனா அஞ்சு சீவனை வாழவச்ச கை இது," என்று அவர் கையைத் தூக்கிக் காட்டினாள். "வெள்ளைக்கால் ஒரு தோப்பையே காக்கான். குட்டையன் இன்னும் தயிர்சோறுதான் கேக்கானாம்." பூமி பிளந்து தன்னை இழுத்துக்கொள்ளக் கூடாதா என்று பூதலிங்கத்துக்கு இருந்தது. சந்தனத்துக்கு மேலே முகம் எரிந்தது. சொல்லிவிடலாம் என்று துணிந்து, "ஏளா செண்பகம்," என்று வாயைத் திறந்தார். திறந்த வாயில் மாரித்தங்கம் ஒரு கை சர்க்கரைப் பொங்கலை வைத்து அடைத்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் விழுங்கினார்.

கடைசி வாரம் வந்தது. தேவசகாயம் வந்து செய்யவேண்டியதைச் சொல்லிவிட்டுப் போனார். ஆள் நடமாட்டமில்லாத, வெளிச்சம் குறைந்த மூலை வேண்டும். அவள் காலை நீட்டிப் படுக்கிற அளவுக்கு ஒரு பெட்டி, முன்பக்கம் மட்டும் தாழ்வாக, தாய் தாண்டலாம் குட்டி உருளக் கூடாது. அடியில் பழைய நூல்துணி, நனைய நனைய மாற்ற வேண்டும். கொதிக்க வைத்த கத்தரிக்கோல், நூல், துடைக்கத் துண்டு. ஒருநாள் முன்னாலேயே உடம்புச் சூடு இறங்கும், நடுங்குவாள், மண்ணைத் தோண்டுவாள், அப்போது கூட்டம் போடாதீர்கள் என்றார். பூதலிங்கம் ஒன்று விடாமல் தாமே செய்தார். கொல்லைக் கொட்டகையைக் கழுவினார். அப்பாவின் நகல் கட்டுகளைத் தூக்கி வெளியே வைத்தார். ஆசாரியிடம் பலகை வாங்கிப் பெட்டி அடித்தார். கல்யாண வேட்டியைக் கிழித்து உள்ளே விரித்தார். அவருக்கே மண்ணைத் தோண்ட வேண்டும் போல இருந்தது, நகக்கண்ணெல்லாம் மண்ணாகக் கொல்லையில் குழி பறித்துக்கொண்டிருந்தவரைச் செண்பகவல்லி கையைக் கழுவிவிட்டுக் கூட்டி வந்தாள். இத்தனை செய்தால் அது கழிந்துவிடாதா என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை. கருப்பட்டி பெட்டியை ஒருதரம் வந்து மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு மத்தியானம் பூதலிங்கத்துக்கு உடம்பு சில்லிட்டு நடுங்க ஆரம்பித்தது. வாசல்படியில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கருப்பட்டி எழுந்து தெருவைத் தாண்டினாள். பெட்டி பக்கம் போகவில்லை. பக்கவாட்டில் இருக்கிற மாடிப்படியில், அதுவரை ஒருநாளும் ஏறாத படியில், வயிறு தட்டத் தட்ட ஏறினாள். பூதலிங்கத்துக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில்தான் அந்தச் சாக்கு இருந்தது. எரித்துவிட வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்து, நல்ல சாக்காச்சே என்று விட்டுவைத்த சாக்கு.

பல்லால் கவ்விப் படிப்படியாக இழுத்து வந்து, தெருவும் வெயிலும் பார்க்க வாசலில் போட்டாள். எங்கள் பக்கத்தில் சொந்த நெல்லை அவித்துக் குத்த ரைஸ்மில்லுக்குப் போடுகிறவர்கள் சாக்கில் பேர் எழுதித்தான் போடுவார்கள், இல்லாவிட்டால் அரிசி வீடு மாறிப் போய்விடும். நீலப் பெயின்டில், பத்திரக்காரரின் முத்துமுத்தான கையெழுத்தில், பூதலிங்கம் என்று எழுதியிருந்தது. கருப்பட்டி சாக்கின் வாய்க்குள் தலையைவிட்டாள். மூலை மூலையாக மோந்தாள். வெளியே எடுத்தாள், மறுபடியும் விட்டாள். பிறகு வானத்தைப் பார்த்து ஒரு ஊளையிட்டாள் பாருங்கள், இட்லிக்கடையில் கையில் தட்டோடு இருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். அப்புறம் அந்தச் சாக்கின் மேலேயே சுற்றிச் சுற்றி வந்து படுத்தாள்.

இரண்டு மணி நேரத்தில் அஞ்சு குட்டி போட்டாள். ஒவ்வொன்றையும் உறையைக் கிழித்து, கொடியைக் கடித்து, நக்கி எழுப்பினாள். கத்தரிக்கோலுக்கு வேலையே வைக்கவில்லை. தேவசகாயம் நஞ்சுக்கொடிகளை எண்ணிப் பார்த்துச் சரி என்றார். ஒவ்வொன்று வெளியே வரும்போதும் படியில் உட்கார்ந்திருந்த பூதலிங்கம் பல்லைக் கடித்து முனகினார். செண்பகவல்லி குட்டிகளைப் பார்க்கவில்லை. சாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நம்ம சாக்குல்லா? மில்லுலயே தொலைஞ்சு போச்சுன்னீங்களே?"

அவள் குனிந்து சாக்கின் ஒரு மூலையைப் புரட்டினாள். தையலுக்குள் கொஞ்சம் பூமயிர் ஒட்டிக் காய்ந்திருந்தது, வெள்ளையும் செவலையுமாக. அதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

குட்டிகள் அடிவயிற்றில் முட்டி முட்டித் தேடின. கருப்பட்டியின் காம்புகள் ஒட்டிப்போய்க் கிடந்தன. தேவசகாயம் பிதுக்கிப் பார்த்துக் கையை உதறினார். "புட்டிப்பால் குடுக்கலாம். ஆனா சீம்பால் உள்ள போகலன்னா நாளைக்குத் தாங்காது," என்றார். எல்லோரும் பூதலிங்கத்தைப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. கருப்பட்டி எழுந்தாள். ஒரு குட்டியைக் கழுத்தில் கவ்வினாள். ஆறு மாதமாக அவர் நிழல் பட்டால்கூட விலகிப் போனவள், நேராக அவரிடம் நடந்து வந்து, அவர் மடியில் அதை வைத்தாள். போய் அடுத்ததைக் கவ்வி வந்தாள். இப்படி அஞ்சையும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

பூதலிங்கம் தெரு முழுக்கப் பார்க்கச் சட்டையையும் இரட்டைத்துணி பனியனையும் கழற்றினார். ஒன்றை எடுத்து நெஞ்சில் வைத்தார். அது கவ்வியது, உறிஞ்சியது, விட்டுவிட்டுக் கத்தியது. முப்பத்தஞ்சு நாளாக வேண்டாம் வேண்டாம் என்றாலும் கொட்டிச் சட்டை சட்டையாகக் கெடுத்த பால், இப்போது ஒரு சொட்டு வரவில்லை. அடுத்ததை வைத்தார். அதுவும் கத்தியது.

மாரித்தங்கம் கிட்டே வந்து தணிந்த குரலில் சொன்னாள்: "சில மாடு பாலை ஒளிச்சுக்கும் அண்ணாச்சி. மடி நிறைய இருக்கும், கண்ணுக்குட்டி கத்தினாலும் விடாது. மனசுல என்னமோ கிடந்து முட்டுது உங்களுக்கு."

செண்பகவல்லி வந்து அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கையில் அந்தப் பூமயிர் இருந்தது. சத்தம் போடவில்லை, வாரா வாரம் கேட்கிற அதே குரலில்தான் கேட்டாள்.

"வெள்ளைக்கால் தோப்பைக் காக்கானா?"

"இல்ல," என்றார்.

"மூக்கன் பம்புசெட்டுல இருக்கானா?"

"இல்ல."

"சுழியன் அந்தப் பிள்ளையோட பஸ்ஸுக்குப் போறானா?"

"இல்ல, செண்பகம்."

"செவலை கோழிக்குஞ்சோட விளையாடுதா?"

"இல்ல."

அவள் குரல் அங்கேதான் உடைந்தது. "குட்டையன் தயிர்சோறு திங்கானா?"

அவர் தலையை ஆட்டினார். "வாயால சொல்லுங்க," என்றாள். "இல்ல," என்றார். "தோப்பே இல்ல. செங்கச்சூளைப் பள்ளத்துல தட்டிட்டேன். சாக்கை உதறி, மடிச்சுக் கொண்டாந்துட்டேன்." சொல்லி முடித்ததும் நெஞ்சுக்குள் சுரீர் என்று இழுத்தது. கத்திக்கொண்டிருந்த குட்டியின் கத்தல் பாதியில் நின்று, கடவாயில் மஞ்சளாகச் சீம்பால் வழிந்தது. பூதலிங்கம் சின்னப்பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். செண்பகவல்லி அழவில்லை. வயிறு நிறைந்ததை எடுத்துவிட்டு அடுத்ததை வைத்தாள், அது நிறைந்ததும் அதற்கடுத்ததை வைத்தாள்.

"கண்ணாவது திறந்திருந்துச்சா?" என்று கடைசியாகக் கேட்டாள்.

"திறக்கல. அதனாலதான்... யாருன்னு தெரியாதுன்னு நெனச்சேன்."

"எனக்குத் தெரியும்லா இப்ப," என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

தெரு கலைந்தது. ஒருத்தராவது நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை ஏசியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். யாரும் ஏசவில்லை. வளைகாப்புக்குக் கொடுத்திருந்த பாத்திரங்களைப் பெண்கள் வந்து வாங்கிப் போனார்கள், நிலைப்படிக்கு வெளியே நின்று வாங்கிப் போனார்கள். அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவர்கள் கூப்பிடுவதை விட்டார்கள். பத்திரம் எழுதவும் ஆள் வரவில்லை. ஆனால் டீக்கடைக்காரர் காலையில் எண்ணெய்ச் சட்டி வைக்காமல்தான் இருந்தார், மாரித்தங்கம் தினமும் சுறாப்புட்டு செய்து எதிர்த்த வீட்டுக்கு அனுப்பிக்கொண்டுதான் இருந்தாள். குட்டிகளுக்குப் பால் வேண்டுமே. செண்பகவல்லி பூண்டுக் குழம்பும் புட்டுமாகத் தட்டில் வைத்து அவர் பக்கம் நகர்த்துவாள், அவர் தின்று முடிக்கிறவரை நிற்பாள், தட்டை எடுத்துப் போவாள். பேச்சுக் கிடையாது. சாக்கை அவள் கழுவவும் இல்லை, எடுத்து வைக்கவும் இல்லை. வாசலில், பேர் தெருவைப் பார்த்தபடி, கருப்பட்டிக்குப் படுக்கையாகக் கிடந்தது. பூதலிங்கம் அதைத் தாண்டித்தான் உள்ளே போனார், அதைத் தாண்டித்தான் வெளியே வந்தார்.

மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் படியில் உட்காருவார். கருப்பட்டி ஒவ்வொன்றாகக் கவ்வி வந்து வைப்பாள். மணிக்கட்டில் வேப்பங்காப்பு காய்ந்து சருகாகி, ஒவ்வொரு இலையாகக் குட்டிகளின் மேல் உதிர்ந்தது. இந்தத் தடவை செண்பகவல்லி ஒன்றுக்கும் பேர் வைக்கவில்லை.

பதிமூன்றாம் நாள் காலை, எல்லாவற்றிலும் சின்னதாக இருந்த ஒரு செவலைக்குட்டி குடித்துக்கொண்டிருந்தது. கருப்பட்டி பக்கத்தில் இருந்தாள், செண்பகவல்லி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குட்டி குடிப்பதை நிறுத்திவிட்டுத் தலையை உயர்த்தியது. ஒட்டியிருந்த இமை ஒரு பக்கம் கொஞ்சமாகப் பிரிந்தது, அப்புறம் மறுபக்கம். பால்படலம் போட்டாற்போல நீலம் பாரித்த இரண்டு கண். உலகத்தில் அது முதல் முதலாகப் பார்த்தது பூதலிங்கத்தின் முகத்தை.

பூதலிங்கத்தின் கை தன்னை அறியாமல் தோள் துண்டுக்குப் போனது, முகத்தை மூடிக்கொள்ள. பாதி தூக்கிய துண்டை அப்படியே கீழே விட்டார். குனிந்து முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"நல்லாப் பாத்துக்கோ," என்றார். "நான்தான்."